இடத்து மாடு

கண்ணாடி விரிசல் விட்டதென்று சட்டத்தைக் கழற்றினேன்.
அட்டைக்கும் படத்துக்கும் நடுவே
நாலாய் மடித்த ஒரு சீட்டு.
இங்கிலீசில் தட்டச்சு, பாதி விழுந்த முத்திரை.
வண்டி எண் 114. ஓலப்பாளையம் ராக்கியண்ணன்.
சூலூர் விமானத் தளம், சரளை நடை, 1943.
மாடு ஒன்று இழப்பு.
தொகை பின்னர்.

பின்னர் இன்னும் வரவில்லை.

படத்தில் ஏழு பேர்.
சண்டை முடிந்த மறுவருசம்
அத்தைக்குக் காது குத்திய அன்று எடுத்தது.
நடுவில் அம்மணமாய் நிற்பது என் அப்பா.
வரிசையின் கடைசி ஆள் அப்பாரு,
இடப்பக்கம் சரிந்து.
போட்டோக்காரன் குடித்திருந்தான் என்பார் அப்பா.
பொட்டியே கோணல் என்பார் சித்தப்பா.
நான் கட்டடம் கட்டுகிறவன்.
மூலமட்டத்தை எடுத்துக் கதவு நிலைமேல் வைத்துப் பார்த்தேன்.
நிலை நேர். சுவர் நேர்.
அப்பாருதான் கோணல்.

விடிய மொபெட்டை எடுத்தேன்.
வண்டிக்கு மூன்று ராத்திரி ஆகியிருக்கும்,
எனக்கு ரெண்டு மணி நேரம், ஒரு டீ.
காங்கயம், அவினாசிபாளையம், பொங்கலூர்.
காற்றாலை ஒன்று சுற்றாமல் நின்றது.
பல்லடத்தில் கோழி வண்டிக்குப் பின்னால் மாட்டி
சட்டையெல்லாம் இறகு.
காரணம்பேட்டையில் இன்னமும்
கல் உடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
எண் பலகையில்லாத டிப்பரொன்று
என்மேல் புழுதி இறைத்துப் போனது.

சூலூர் வாசலில்
படம் எடுக்கத் தடை என்று பலகை.
காவலுக்கு நின்ற பையன் மீசை இன்னும் கறுக்கவில்லை.
சென்ட்ரிங் ஆட்களிடம் கற்ற இந்தியில்
தாத்தாவின் மாடு என்றேன்.
சீட்டைத் தலைகீழாய்ப் பிடித்தான், நேராய்ப் பிடித்தான்.
சிரிக்கவில்லை.
ஆபீஸ் லீவு, திங்கட்கிழமை வா என்றான்.

திரும்பும்போது பொங்கலூர் தாண்டி ஓர் ஏத்தம்.
மொபெட்டுக்கு அது ஏத்தமென்றே தெரியாது.
ஏனோ இன்ஜினை அணைத்து இறங்கித் தள்ளினேன்.
முந்நூறடியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.
வேப்பமரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

வண்டி ஊடு வந்துச்சா?
வராம? அதுலதான் நாங்க பள்ளிக்கூடம் போனோம்.
சக்கரத்துல வெள்ளைப் பெயிண்டு, 114,
விக்கிற வரைக்கும் அழியல.
ஒத்தை மாட்டுல எப்படிங்ப்பா வரும், ரெட்டை மாட்டு வண்டி?
வாடகைக்கு ஒண்ணு புடிச்சிருப்பாரு.
காசு?
கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, மழை வர்ற மாதிரி இருக்குது,
சீக்கிரம் வந்து சேரு என்றார்.

மழை வரவில்லை.

ராத்திரி புதுக்கண்ணாடி போட உட்கார்ந்தேன்.
படத்தின் ஓரத்தில், அப்பாருக்கு வலக்கைப் பக்கம்,
வளைந்த கறை ஒன்று.
அறுபது எழுபது பொங்கலுக்குத்
துடைத்துத் துடைத்துப் போகாத கறை.
இன்றைக்குத்தான் தெரிகிறது, அது கொம்பு.
வலத்து மாடு.
அது நிற்கும் பக்கம் அவர் தோள் மேலே,
மறுபக்கம் கீழே.
மாடு ஆளைவிட ஒரு சாண் உசரம்.
நுகத்தடி கிடையாகவா இருந்திருக்கும்?

பெண்டாட்டி பிள்ளை வரிசையில் நிற்க,
காது குத்திய குழந்தை வாய் திறந்து அழ,
அவர் நிற்பது அந்தக் கொம்புக்குப் பக்கத்தில்.
இடப்பக்கம்.

ஆணியடித்துப் படத்தை மாட்டினேன்.
சீட்டை உள்ளே வைக்கவில்லை.
சட்டைப் பையில் இருக்கிறது.
திங்கட்கிழமை போகணும்.